பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு

கன்னியாகுமரி மாவட்டத்தில் காக்கி உடுத்த பெண்களில் பாதிப் பேர் என் வகுப்பில் இருந்து எழுந்தவர்கள். தோவாளையிலிருந்து களியக்காவிளை வரை எந்த ஸ்டேஷன் வாசலில் நான் போய் நின்றாலும், உள்ளேயிருந்து ஒருத்தி "டீச்சர்" என்று ஓடிவந்து நாற்காலி போடுவாள்.

இதில் கொஞ்சம் கூடுதல் உண்டு. எண்ணிச் சொன்னால் ஆறு பேர். அந்த ஆறில் ஒருத்தி ஊர்க்காவல் படை. இன்னொருத்தி என்னிடம் ஒரே ஆண்டுதான் படித்தாள், அதுவும் அவள் ஆங்கிலத்தில் தோற்ற ஆண்டு. நாற்காலி போட்டதும் ஒரே ஒரு ஸ்டேஷனில். அந்த நாற்காலிக்கு மூன்று கால்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஆறு பேர் இல்லையென்றால் டாக்டர் குளோரி என் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டாள், இதை எழுதும் வேலையும் எனக்கு வந்திருக்காது.

நம் திருச்சபை மலரில் ஆண்டுக்கு ஒருவருடைய வாழ்க்கையை எழுதுவது வழக்கம். இந்த ஆண்டு குளோரி என்று மாதர் சங்கம் முடிவு செய்தது. அவளிடம் சொன்னபோது, "என்னப் பத்தி எழுத என்ன கெடக்கு டீச்சர்? எழுதினா முழுசா எழுதுங்க. நல்லத மட்டும் எழுதி என்னச் சிலையாக்காதீங்க" என்றாள். முழுசாகவே எழுதுகிறேன்.

குளோரி அருமனையில் பிறந்தவள். அப்பா ஞானசிங் போலீஸில் ஏட்டு, அதாவது தலைமைக் காவலர். மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் போலீஸ் குடியிருப்பில்தான் வளர்ந்தாள். பிள்ளைகள் வீட்டில் பள்ளிக்கூடம் வைத்து விளையாடுவார்கள். இவள் ஸ்டேஷன் வைத்து விளையாடியவள். தம்பியைப் பிடித்து உட்காரவைத்து, மாங்காய் திருடியதாக வாக்குமூலம் எழுதி வாங்குவாள். பிறகு சமூகவியல் படித்தாள். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள் காவலர்களின் ரோந்து.

வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் ஒரு சின்னப் புத்தகம் தொங்கும். ரோந்து வரும் காவலர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இரண்டு ஆண்டு அலைந்து குளோரி கண்டுபிடித்தது என்னவென்றால், சில ஊர்களில் காவலர் புத்தகத்தைத் தேடிப் போவதில்லை, புத்தகங்கள் காவலரைத் தேடி டீக்கடைக்கு வருகின்றன. ஒரு டீ, ஒரு பழம்பஜ்ஜி, எட்டுக் கையெழுத்து. ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பஜ்ஜி எண்ணெய் பட்டிருந்ததாகவும், அதை அவள் ஆய்வேட்டில் படமாக ஒட்டியதாகவும் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எண்ணெய் உண்மை. படம் நான் சேர்த்தது.

ஆய்வேடு முடிந்ததும் ஞானசிங் ஏட்டு மகளோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், "ஏட்டி, எனக்க கூட நின்னவனுவளுக்க சோத்துலயா மண்ணப் போட்ட?" என்றார்.

"யாருக்க பேரும் போடல்லப்பா."

"ஒரு பேரும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல. நீங்களே படிச்சுப் பாருங்க."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முந்நூறு பக்கத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். ஒரு பெயரும் இல்லை. "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டுச் சோறு போடச் சொன்னார். குளோரிக்கு வாழ்க்கையில் வேறு எந்தப் பட்டமும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகவில்லை. போலீஸைப் பற்றி என்ன எழுதினாலும், பேசினவருடைய பெயர் தன் கையிலிருந்து வெளியே போகாது என்று அவள் வைத்துக்கொண்ட நியமம் அங்கே தொடங்கியது.

2007இல் பல்கலைக்கழகத்தில் காவல் ஆய்வு மையம் என்று ஒன்று திறந்து அவளைத் தலைவராக்கினார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், நமக்கெல்லாம் தெரியும். மையம் என்பது சைக்கிள் ஷெட்டை மறித்துக் கட்டிய ஓர் அறை; இரண்டு மேசை, ஒரு பீரோ. பலகையில் 'காவல்' என்று கண்டு ஒரு கிழவர் ஆடு காணாமல் போனதற்கு மனு கொண்டு வந்தார். குளோரி அவரை உட்காரவைத்து மனுவைத் திருத்தி எழுதிக் கொடுத்து, ஒரு மாணவனையும் கூட அனுப்பினாள். மூன்றாம் நாள் ஆடு கிடைத்தது. மையத்தின் முதல் சாதனை அதுதான் என்று நான் சொன்னால் சிரிப்பாள்.

தலைவர் என்றால் கையெழுத்துப் போடுகிறவர் என்று நினைத்திருந்த இடத்தில் அவள் வேறு மாதிரி இருந்தாள். ஆய்வு செய்ய வரும் பிள்ளைகள் முதல் ஒரு மாதம் வடசேரி பஸ் நிலையத்து முனையில் போக்குவரத்துக் காவலரோடு வெயிலில் நிற்க வேண்டும். அவளும் கூட நிற்பாள். "நிக்காதவனுக்குக் கேள்வி கேக்க வராது" என்பாள். அப்படி நின்று தேறியவள்தான் சிந்தியா. பெரியராசிங்கன் தெருக்காரி, நம் சபைப் பிள்ளை. குளோரியிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். டேப்பில் பதிவு செய்த பேச்சையெல்லாம் கேட்டு எழுதித் தருவதும் அவள் வேலை.

2009இல் குளோரி மாவட்டத்துப் பெண் காவலர்களைப் பற்றி ஆய்வு தொடங்கினாள். எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள், விடுப்புக் கேட்டால் என்ன பதில் வருகிறது, இவைதான் கேள்வி. முப்பத்தெட்டுப் பேர் பேச ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்பது ஒரே ஒரு நோட்டில்; நோட்டு பீரோவில்; சாவி குளோரியின் தாலிச் செயினில். ஒவ்வொருத்தியிடமும் தானே உட்கார்ந்து, "உன் பேரு எனக்க வாயில இருந்து வராது" என்று சொன்ன பிறகுதான் டேப்பைப் போடுவாள்.

என்னிடம் படித்த ஆறு பேரை அழைத்து வரத்தான் என் வீட்டுக்கு வந்தாள். பேட்டியும் என் வீட்டு முன்னறையிலேயே நடந்தது. அதில் ஒருத்தி பூங்கனி. நம் சபையில் வளர்ந்து மேற்கே கட்டிப் போனவள். வேலையும் மேற்கே ஒரு ஸ்டேஷனில். அவளுடைய பெயரை அவளிடம் கேட்டுத்தான் இங்கே போடுகிறேன். "ஊருக்கே தெரிஞ்சாச்சுல்லா டீச்சர், இனி மறைச்சு என்னத்துக்கு" என்றாள்.

அவள் எண் பதினேழு.

நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சுவர் அவ்வளவு கனம் இல்லை.

"மூணாம் மாசம் மேடம். கோயில் கொடைக்குப் பந்தோபஸ்து. இன்ஸ்பெக்டர் சார்கிட்ட, எனக்கு ஒக்காந்து பாக்குத டூட்டி தாங்க சார்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"போலீஸுல சேரும்போ வயித்தயும் கூட்டிட்டா வந்தன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன் மேடம். சிரிக்காம இருந்தா அதுக்கும் ஒண்ணு சொல்லுவாரு."

காலை ஐந்து மணிக்கு நின்றவள் சாயங்காலம் ஏழுக்குத்தான் இடம் மாறினாள். பிள்ளை தங்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் டூட்டிக்கு வரச் சொன்னார்கள். போனாள்.

குளோரி டேப்பை நிறுத்தினாள். நான் டீயைக் கொண்டு வைத்தேன். மூவரும் குடிக்கவில்லை.

இனிதான் நம் சபைப் பக்கம் வர வேண்டும். வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்துக்கு வாசலில் ஒரு பெட்டி உண்டு. ஜெபிக்க வேண்டிய காரியத்தைச் சீட்டில் எழுதிப் போட்டால், ராஜமணி எடுத்து வாசித்து ஜெபம் நடத்துவாள். குளோரி யாரிடமும் பேச முடியாத விஷயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான்கு நாள் நடந்தாள். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். 'காவல்துறையில் வேலை செய்யும் ஒரு சகோதரி, மூன்றாம் மாதத்தில் பிள்ளையை இழந்தாள். அதிகாரி இரங்கவில்லை. அவள் கர்ப்பத்தின் கனிக்காக.' பெயர் இல்லை. எண்கூட இல்லை.

அன்று நான் ஜெபத்தில் இருந்தேன். நாற்பது பேராவது இருப்போம். ராஜமணி சீட்டை மைக்கில் வாசித்தாள். உடனே முன் வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "யாரு ராஜமணியக்கா?"

"பேரு போடல்ல."

"பேரு இல்லாம எப்படி ஜெபிக்கது? போன மாசமும் இப்படித்தான், 'ஒரு சகோதரனுக்குக் கல்யாணம் நடக்கணும்'னு ஜெபிச்சோம். வேற ஒருத்தனுக்கு ஆச்சு."

சிரிப்பு வந்தது. கர்த்தருக்குத் தெரியாத பெயரா என்று ஒருத்தி சொன்னாள். கர்த்தருக்குத் தெரியும், நமக்குத் தெரிய வேண்டாமா என்று இன்னொருத்தி. நமக்கு அப்படித்தான் பழக்கம். பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் கேட்ட மாதிரி. அப்போது சபையில் போலீஸ் வேலையில் இருந்த பெண்கள் மூன்று பேர். ராஜமணி கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். மூவரில் கல்யாணம் ஆனது ஒருத்திதான் என்று அவளாகவே நிதானித்து, "நம்ம பூங்கனிதான்" என்று சொல்லிவிட்டாள். இருபது நிமிடம் பூங்கனியின் பெயரைச் சொல்லி, அந்த அதிகாரியின் கல்நெஞ்சையும் சொல்லி, நாற்பது பேரும் கண்ணீரோடு ஜெபித்தோம். கோளாறு பிடித்த மைக் அன்றைக்கு மட்டும் நன்றாக வேலை செய்தது. ராஜமணி இப்போது கர்த்தரிடம் இருக்கிறாள், 2013இல் போனாள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஜெபத்தில் சொன்னதை வெளியே சொன்னதாக நாம் எண்ணுவதில்லை. ஆனால் அந்த அதிகாரியின் மச்சினி நம் சபைக்காரி. அவளும் கண்ணீரோடுதான் ஜெபித்தாள். ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

அடுத்த வாரம் பூங்கனிக்கு மெமோ வந்தது. மேலதிகாரியைப் பற்றி வெளியாரிடம் அவதூறு பேசியதற்கு விளக்கம் கேட்டு. பத்து நாளில் வெளிமாவட்டத்துக்கு மாற்றல். போகும் முன் ஒரு நாள் காக்கியோடு மையத்துக்கு வந்தாள். குளோரி எழுந்து நின்றாள்.

"உக்காரு பூங்கனி."

"உக்கார வரல்ல மேடம். நான் வாயத் தொறந்து பேசினது ஒங்ககிட்ட மட்டும்தான். எனக்க மாப்பிளைக்கிட்ட கூட அந்தச் சார் சொன்னத சொல்லல்ல."

"நான் யாருகிட்டயும் சொல்லல்ல."

"அப்ப சொவரு சொல்லிச்சா?"

பூங்கனி சல்யூட் அடித்துவிட்டுப் போனாள். அந்த சல்யூட்டை விட ஓர் அடி கொடுத்திருக்கலாம் என்று குளோரி என்னிடம் சொன்னாள்.

துணைவேந்தர் கூப்பிட்டுவிட்டார். காவல்துறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பேசினவர்கள் பட்டியலைக் கொடுத்துவிட்டால் மையம் பிழைக்கும் என்றார். "பட்டியல் கேட்டா ராஜினாமா தாறேன் சார், ரெண்டுல ஒண்ணுதான் என்னால தர முடியும்" என்று சொல்லி, மீதி முப்பத்தேழு பேரையும் அவள் காப்பாற்றினாள். முப்பத்தேழு பேரில் ஒருத்திக்கும் ஒரு கேள்வி வரவில்லை. அந்த அளவுக்கு அவள் நல்ல தலைவர்தான்.

ஆனால் அதே வாரம் இன்னொரு காரியமும் செய்தாள். அந்தச் சீட்டு அவள் நினைவுக்கு வரவே இல்லை. அதை அவள் கர்த்தரிடம் சொன்ன கணக்கில் வைத்திருந்தாள். டேப்பைக் கேட்டவர்கள் யார் யார் என்று மட்டும் எண்ணினாள். இரண்டு பேர்.

ஒரு காலையில் சிந்தியா வந்தபோது மேசையில் கடிதம் இருந்தது. இரண்டு வரி.

"மேடம், நான் என்ன செஞ்சேன்?"

"பதினேழாவது டேப்பக் கேட்டது ரெண்டு பேரு. ஒண்ணு நான்."

"அப்ப நானா?"

"நாளையிலேருந்து வரண்டாம்."

விசாரணை இல்லாமல் கொடுக்கும் தண்டனையைப் பற்றி இருநூறு பக்கம் எழுதியவள் குளோரி. அன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷம் எனக்க கூட வெயில்ல நின்ன பிள்ள டீச்சர். அவளே இப்படிச் செய்வாளா?" என்றாள். நான் டீ போட எழுந்து போனேன்.

சிந்தியாவின் படிப்பு பாதியில் நின்றது. வேறு யாரும் அவளை மாணவியாக எடுக்கவில்லை. நம்பிக்கைக்கு உரியவள் இல்லை என்று பல்கலைக்கழகத்தில் பரவிவிட்டது. வடசேரியில் ஒரு டிடிபி கடையில் கல்யாண அழைப்பிதழ் அடிக்கப் போனாள். பிறகு கடையையே எடுத்துக்கொண்டாள்.

ஆய்வு 2012இல் புத்தகமாக வந்தது. அதில் பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு. ஏன் என்று மதிப்புரை எழுதியவர்கள் கேட்டார்கள். குளோரி பதில் எழுதவில்லை.

2014இல் பூங்கனி திரும்ப மாவட்டத்துக்கு மாறி வந்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. நம் சபையில்தான் ஞானஸ்நானம். ஆராதனை முடிந்து எல்லாரும் பிரியாணிக்கு வரிசையில் நிற்கும்போது பூங்கனி குழந்தையோடு குளோரியிடம் வந்தாள்.

"மேடம், அன்னைக்கு ஒங்களத் தப்பாப் பேசிட்டேன். சாருக்க மச்சினி ஜெபத்துல கேட்டுட்டுப் போய்ச் சொல்லியிருக்கா. எங்கம்மைதான் இப்பச் சொன்னாவ."

"எந்த ஜெபத்துல?"

"வெள்ளிக்கிழம ஜெபத்துல. எனக்காவ ஒரு சீட்டு வந்துச்சாம்."

குளோரி கையிலிருந்த தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். திங்கட்கிழமை தலைவர் பொறுப்பை எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'வாக்குத் தவறினேன்' என்று எழுதியிருந்ததாகவும், பதிவாளர் அதை அடித்துவிட்டு 'உடல்நலம்' என்று எழுதச் சொன்னதாகவும் கேள்வி. அங்கிருந்து நேராக வடசேரிக்குப் போய் சிந்தியாவின் கடையில் நின்றாள். வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே, "தப்பு எனக்கதுதான். சீட்டு எழுதினது நான். உன்னை ஒரு வார்த்தை கேக்காம விரட்டினேன்" என்றாள். சிந்தியா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "இருங்க மேடம்" என்றாள்.

இப்போது குளோரி வெறும் பேராசிரியை. வகுப்பு எடுக்கிறாள், வீட்டுக்கு வருகிறாள். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருவதில்லை. புதிதாக ஆய்வு எதையும் தொடங்கவில்லை. கேட்டால், "எனக்க கையில பேரு நிக்காது டீச்சர்" என்கிறாள். பெயர் அவள் கையிலிருந்து போகவில்லை, ராஜமணியின் ஊகத்தில் போனது என்று நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லிவிட்டேன். அதைச் சபையாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

இந்த இடத்தில் முடித்திருந்தேன். கைப்பிரதியை அடித்து வாங்க சிந்தியாவின் கடைக்குத்தான் கொண்டுபோனேன். வேறு எங்கே போவேன். அவள் அடிக்க அடிக்க நான் பக்கத்தில் இருந்து என் எழுத்தை வாசித்துச் சொன்னேன். ராஜமணி கண்ணை மூடி நின்ற இடம் வந்தபோது அவள் கை நின்றுவிட்டது. அந்த வரியை விட்டுவிட்டுக் கடைசிவரை அடித்தாள். பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்தாள்.

"டீச்சர், இது அப்படி நடக்கல்ல."

"நீ எங்கட்டி அங்க இருந்த?"

"அம்மைக்கு முட்டு வலின்னு அரைநாள் லீவு போட்டுக் கூட்டிட்டு வந்தேன். உங்களுக்குப் பின்னால ரெண்டாவது வரிசை. ராஜமணியக்கா கண்ண மூடல்ல, ஒண்ணும் நிதானிக்கவும் இல்ல. 'யாருன்னு தெரிஞ்சவிய சொல்லுங்க'ன்னு கேட்டாவ. 'நம்ம பூங்கனிதான்'னு எழும்பிச் சொன்னது நீங்க."

நான் கைப்பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப மேடம் கடிதம் தந்தப்போ நீ ஏன் சொல்லல்ல?"

"உங்களக் காட்டிக் குடுக்கப் பிடிக்கல்ல. நீங்களே போய்ச் சொல்லுவியன்னு நெனச்சேன்." கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "ராஜமணியக்கா பேர இதுல நான் அடிக்க மாட்டேன் டீச்சர். அந்த வரிய மாத்திச் சொல்லுங்க."